சம்பந்தி வீட்டு ஒயின்

கதைகளில் வரும் குருவுக்கு வெள்ளைத் தாடி இருக்கும். என் குருவுக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. வயது முப்பத்தெட்டு. பெயர் தங்கபுஷ்பம். சீடனாகிய எனக்கு அறுபத்தொன்று. மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன், பெயர் நாச்சியப்பன்.

அவரிடம் நான் ஒயின் குடிக்கக் கற்றுக்கொள்ளப் போனேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

என் ஒரே மகள் அலமேலு. கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் வீட்டுப் பையன் ஜெபமணியைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். அவர்கள் வேறு ஆட்கள், வேறு கோயில். எட்டு மாதம் முறுக்கிக்கொண்டு நின்றேன். என் பெண்தானே, அவளும் அசையவில்லை. அவள் அம்மா விசாலாட்சி இருந்திருந்தால் எட்டு நாளில் என்னைச் சரிக்கட்டியிருப்பாள். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. கடைசியில் ஒருநாள் அலமேலு கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்கு ரசம் ஊற்றினாள். எனக்குத் தாங்கவில்லை. "சரி, போய்ப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டேன். மனசாரத்தான் சொன்னேன்.

"அப்பா, அங்க ஒரு வழக்கம் இருக்கு," என்றாள்.

"என்ன வழக்கம்?"

"ஜெபா அம்மா ஒயின் செய்றாங்க. லைசென்ஸ் வாங்கித்தான். பொண்ணோட அப்பா வந்து புது ஒயினைக் குடிச்சுப் பார்த்து, அதுல என்ன தெரியுதுன்னு சொல்லணும். அதுக்கப்புறம்தான் தேதி பேசுவாங்க."

"நான் என்னத்தக் கண்டேன் அலமு? எனக்குத் தண்ணிக்கும் மோருக்கும் வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான்."

"நீங்க மனசில்லாம வர்றீங்கன்னு அவங்களுக்கு ஏற்கெனவே ஒரு எண்ணம். அங்க போய்ச் சொதப்பினீங்கன்னா எல்லாம் முடிஞ்சதுப்பா."

அப்படித்தான் மதுரை முழுக்க விசாரித்து தங்கபுஷ்பம் டீச்சரைக் கண்டுபிடித்தேன். பெரிய ஹோட்டல்களில் ஒயின் பரிமாறியவர். இப்போது ஹோட்டல் ஊழியர்களுக்கு வகுப்பெடுக்கிறார். எனக்கு மட்டும் சனிக்கிழமை மாலையில் அவர் வீட்டிலேயே பாடம்.

"பாட்டில் நீங்கதான் வாங்கிட்டு வரணும்," என்றார். "இருக்குறதுலயே விலை குறைஞ்சதா வாங்கிட்டு வாங்க."

"மட்டமான ஒயின் போதுமா டீச்சர்?"

"விலை குறைஞ்சதுன்னு சொன்னேன் சார். மட்டமா இல்லையான்னு குடிச்சுட்டுச் சொல்லலாம்."

நெற்றி நிறைய விபூதியோடு அரசுக் கடை வரிசையில் நின்றேன். ஒயின் என்றதும் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கேக்குக்கா சார்?" என்று கேட்டார். "ஆமாம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

டீச்சர் வீட்டில் சாதாரணக் கண்ணாடி டம்ளர்தான். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவர் மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார்.

"நாவல்பழம். அடியில கொஞ்சம் மிளகு. கடைசியில காபித்தூள் கசப்பு."

நான் டம்ளரைத் தூக்கி, அண்ணாந்து, வாயில் ஊற்றிக்கொண்டேன். உதடு படவில்லை. எங்கள் வீட்டில் காபி, மோர், கஷாயம் எல்லாமே இப்படித்தான். ஒயின் நேரே தொண்டைக்குள் போய் எரிந்தது. நாவல்பழத்தையும் காணோம், மிளகையும் காணோம்.

"என்ன தெரியுது சார்?"

"ஒண்ணுமே தெரியலையே டீச்சர்."

அவர் என் டம்ளரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "அடுத்த வாரம் பார்ப்போம்," என்றார்.

அடுத்த வாரம் வெள்ளை ஒயின். அவருக்குக் கொய்யாக்காயும் எலுமிச்சைத் தோலும் கிடைத்தன. எனக்கு எரிச்சல் மட்டும் கிடைத்தது. மூன்றாவது வாரம், "உடனே முழுங்காதீங்க, நாக்குல கொஞ்ச நேரம் வச்சிருங்க," என்றார். மேலிருந்து விழுவதை நாக்கில் எப்படி நிறுத்துவது? புரை ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

நாலாவது வாரம் நேராகவே கேட்டேன். "டீச்சர், எல்லாருக்கும் தெரியுறது எனக்கு மட்டும் ஏன் தெரிய மாட்டேங்குது?"

பாட்டிலை எடுத்து என் டம்ளரில் ஊற்றினார். விளிம்பு வரை ஊற்றினார். வழியப்போகிறது என்று நான் கையை நீட்டும்வரை ஊற்றினார்.

"குடிங்க."

தூக்கினேன். பாதி மேஜையில், மீதி என் சட்டையில்.

"இப்பத் தெரியுதா?"

"சட்டை போச்சுன்னு தெரியுது."

டீச்சர் துணி எடுத்து வந்து மேஜையைத் துடைத்தார். அவர் சிரிக்கவில்லை. கோபமா வருத்தமா என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஐந்தாவது வாரம் மூடி திறக்காத பாட்டிலை என் முன்னால் வைத்தார். "இது எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

"திறக்காம எப்படிச் சொல்றது?"

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்," என்றார்.

அன்றைக்கு அவ்வளவுதான் பாடம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி வீட்டுக்கு வந்தேன். இந்தம்மா என்னை வைத்து வேடிக்கை பார்க்கிறாரோ என்றுகூடத் தோன்றியது. நாள் வேறு நெருங்கிவிட்டது. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழிக்கு வந்தேன். டீச்சர் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதி நெட்டுருப் போட்டேன். நாவல்பழம், மிளகு, ஓக் மர வாசம். பதவி உயர்வுத் தேர்வுகளெல்லாம் அப்படித்தான் பாஸ் பண்ணினேன். இது என்ன பிரமாதம்?

ஆறாவது வாரம் பாடம் முடிந்ததும் கேட்டேன். "நாளைக்கு நீங்களும் கூட வாங்களேன். பக்கத்துல நீங்க இருந்தா ஒரு தைரியம்."

"வர்றேன். ஆனா உங்க காரை நான்தான் ஓட்டுவேன். நீங்க குடிக்கப் போறவர்."

காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒயின் ஆலை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். திராட்சைப் பந்தலுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை, உள்ளே நாலு ஸ்டீல் தொட்டி, சுவரோரம் கழுவிக் கவிழ்த்த பாட்டில்கள். தேனியில் வேலை பார்க்கும் அலமேலு எங்களுக்கு முன்பே வந்து ஜெபமணியோடு வாசலில் நின்றிருந்தாள். பக்கத்தில் அவன் அம்மா செசிலி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஈரக் கையோடு எங்களைக் கும்பிட்டார்.

"வாங்கண்ணே, வாங்க. வழி கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சா?"

அண்ணே என்று கூப்பிட்டதுமே எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

கொட்டகைக்குள் போனோம். செசிலியம்மா தொட்டிக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்தார். ஒரே ஒரு டம்ளர். முதலில் அவர் ஒரு வாய் குடித்தார்.

"எங்க கையால செஞ்சத முதல்ல நாங்கதாண்ணே குடிப்போம். அப்புறம் அதே டம்ளர வர்றவங்களுக்குக் குடுப்போம். எங்க மாமனார் காலத்துல இருந்து இப்படித்தான்."

டம்ளரை இரண்டு கையாலும் நீட்டினார். நான் வாங்கினேன். மனசுக்குள் நாவல்பழம், மிளகு என்று ஓடிக்கொண்டிருந்தது. தூக்கினேன், அண்ணாந்தேன், ஊற்றிக்கொண்டேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

"நாவல்பழம் தெரியுதும்மா. கொஞ்சம் மிளகு. கடைசியில ஓக் மர வாசம்."

ஜெபமணி மெதுவாக, "மரப் பீப்பாயே கிடையாது மாமா. எல்லாம் ஸ்டீல் தொட்டிதான்," என்றான்.

செசிலியம்மா என் கையிலிருந்த டம்ளரை வாங்கினார். குழாயடியில் கழுவினார். கவிழ்த்து வைத்தார்.

"சரிங்க சார்," என்றார். "ரொம்ப தூரம் வந்திருக்கீங்க. தேதியெல்லாம் இன்னொரு நாள் பேசிக்கலாம்."

அண்ணே போய் சார் வந்துவிட்டது. கொட்டகையை ஒட்டிய வீட்டில் கோழிக் குழம்பு கொதிக்கும் வாசம் வந்துகொண்டிருந்தது. சாப்பிடச் சொல்லி யாரும் வாய் திறக்கவில்லை.

காருக்கு வந்தோம். அலமேலு பின்னாலேயே வந்தாள். கண் நிறைந்திருந்தது.

"நீங்க வராமலே இருந்திருக்கலாம்ப்பா."

"நீ ஏறும்மா."

"நான் பஸ்ஸுல வந்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. மரம் என்று சொன்னது தப்புதான். ஒரு வார்த்தைத் தப்புக்காக ஒரு கல்யாணம் நிற்குமா? எட்டு மாசம் முறுக்கிக்கொண்டு நின்றபோதுகூட என் பெண் இப்படி என்னிடமிருந்து முகத்தைத் திருப்பியதில்லை.

"அந்த மரத்தாலயா டீச்சர்?" என்றேன்.

டீச்சர் காரை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இல்ல, மிளகைச் சொல்லியிருக்கக் கூடாதோ?"

சின்னமனூர் வருவதற்கு முன்னால் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினார். இறங்கிப் போய் ஒரே ஒரு டீ வாங்கினார். பெஞ்சில் உட்கார்ந்து பாதி குடித்தார். மீதியை என்னிடம் நீட்டினார்.

"உங்களுக்கு."

எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் குரு கொடுப்பதை எப்படி மறுப்பது? வாங்கினேன். தூக்கி அண்ணாந்தேன்.

"அப்படியே நில்லுங்க சார்."

நின்றேன். டம்ளர் மூக்குக்கு மேலே இருந்தது. கழுத்து வலித்தது. கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"அந்தம்மா முகம் எப்ப மாறுச்சு? நீங்க மரம்னு சொன்ன பிறகா, முன்னாடியா?"

யோசித்தேன். "முன்னாடி."

"முன்னாடின்னா?"

"நான் வாயே திறக்கல. டம்ளர வாங்கி…" என்றேன். தலைக்கு மேலே இருந்த என் கையைப் பார்த்தேன். மெதுவாக இறக்கினேன்.

"ஐயோ," என்றேன். "டீச்சர், சத்தியமா இது பழக்கம். மனசுல எதையும் வச்சுக்கிட்டு இல்ல. விசாலாட்சி போட்டுக் குடுத்த காபியையே இப்படித்தான் குடிச்சேன். முப்பது வருஷம்."

டீச்சர் சட்டென்று நிமிர்ந்தார். "உங்க வீட்டம்மா குடுத்ததையுமா?"

"ஆமாம். அவளும் அப்படித்தான் குடிப்பா."

"அப்படியா," என்றார்.

"இத அவங்ககிட்ட எப்படிச் சொல்லிப் புரியவைக்கிறது?" என்றேன்.

"சொல்லாதீங்க," என்றார் டீச்சர்.

டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் காருக்கு ஓடினேன். டீச்சர் வண்டியைத் திருப்பினார்.

செசிலியம்மா கொட்டகைத் தரையை ஹோஸ் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"என்ன சார், எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"எனக்கு இன்னொரு தடவை ஒயின் வேணும்மா."

அவர் ஒரு டம்ளரைக் கழுவி, ஒயின் பிடித்து அப்படியே என்னிடம் நீட்டினார். தான் குடிக்கவில்லை.

"நீங்க முதல்ல குடிங்க," என்றேன்.

என்னை உற்றுப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். கொடுத்தார்.

அறுபத்தொரு வயசில் எந்தப் பக்கம் வாய் வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. உதட்டில் டம்ளர் பட்டது. சில்லென்று இருந்தது. மூக்கு டம்ளருக்குள் போயிற்று. ஒயின் மெதுவாக நாக்குக்கு வந்தது. வந்ததும் தாடை இரண்டும் கூசின. அப்புறம் கூச்சம் போய் வேறு ஏதோ வந்தது. அது போய் இன்னொன்று வந்தது. நான் திருதிருவென்று முழித்தேன்.

செசிலியம்மா கிட்டே வந்தார். "என்னண்ணே தெரியுது?"

நோட்டில் இருந்த ஒரு வார்த்தையும் ஞாபகம் வரவில்லை.

"தெரியலம்மா. புளிச்சுது. இப்பப் புளிப்பக் காணோம். என்னமோ வருது, பேர் தெரியல. இன்னொரு வாய் குடிச்சுட்டுச் சொல்லட்டுமா?"

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரே சிரிப்பு. "முழுசாக் குடிங்கண்ணே, யாரு வேண்டாம்னா? இன்னும் ரெண்டு மாசம் கிடந்தா இந்தப் புளிப்பு அடங்கிரும். வைகாசியில கல்யாணத்த வச்சுக்குவோமா?" என்றவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "அலமு, இலையப் போடும்மா!"

அலமேலு வாசற்படியில் நின்று என்னையும் என் வாயிலிருந்த டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒயின் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது மணி மூன்று. வயிறும் நிறைந்திருந்தது, மனசும் நிறைந்திருந்தது. ஆனால் தேனி தாண்டியும் ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை.

"டீச்சர்."

"சொல்லுங்க சார்."

"ஆறு வாரம் உங்க வீட்டுல குடிச்சிருக்கேன். எனக்கு ஏன் ருசி தெரியலன்னு முதல் நாளே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"டம்ளர்ல வாய் வச்சுக் குடிங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே. ஏன் சொல்லல?"

டீச்சர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என் வீட்டு டம்ளர்ல வாய் வைக்காத ஒருத்தர்கிட்ட, வாய் வைங்கன்னு நான் எப்படி சார் சொல்வேன்?"