மாலை அவிழ்த்த குப்பாயி அம்மையார்

பிச்சிவனநாதர் கோயில் கொண்ட ஊரில், பேரூராட்சியின் உரக்கிடங்கில் குப்பை பிரித்து வந்தார் குப்பாயி அம்மையார். முன்னே பிறந்த மூன்றும் தங்காமல் போகவே, பெற்றோர் அவரைக் குப்பைமேட்டில் புரட்டியெடுத்து அப்பெயரை இட்டிருந்தனர்.

காலையில் வண்டி வந்ததும் வீட்டுக் குப்பையைப் பரப்புவார். பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் ஒருபுறம் போகும். காய்கறித் தோலும் பழஞ்சோறும் தொட்டியில் ஒரு சாண், அதன்மேல் சருகு ஒரு சாண். கடைசியில் கோயில் மூட்டையைப் பிரிப்பார். இறைவன் அணிந்து களைந்த மாலைகள் அதில் இருக்கும். அவற்றைக் கட்டிய நைலான் நூல் மட்காது. ஆகவே பூக்களை ஒவ்வொன்றாக உருவி, ஒவ்வொன்றுக்கும் "நாதா" என்பார். ஊரில் மாலை கட்டுவோர் பலர் இருந்தனர். அவிழ்ப்பவர் இவர் ஒருவரே.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் வந்த காய்ச்சல், அவர் கணவரையும் அம்மையாருடைய மோப்பத்தையும் ஒரே வாரத்தில் கொண்டுபோயிற்று. அவர் அழவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாள் வேலைக்கு வந்தார். மல்லிகையும் அழுகிய மீனும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன. அதையும் யாரிடமும் சொல்லி முறையிடவில்லை.

"மூக்கு செத்ததுக்கு ஏத்த உத்தியோகம்" என்று தெருவினர் சிரித்தனர்.

இவ்வாண்டுத் திருவிழாவுக்கு முன், தெருப் பெரியவர் சபாநடேசன் கையெழுத்துத் திரட்டி, கிடங்கு நாறுகிறது, மூடவேண்டும் என்று மனுக் கொடுத்தார். மூடினால் இறைவன் தோளில் கிடந்த பூக்கள் ஊர்க் குப்பையோடு எரியும். அம்மையாருக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

சுகாதார ஆய்வாளர் வாசலில் நின்றபடியே கேட்டார். "நாறுதாம்மா?"

பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "எனக்குத் தெரியாதுங்கய்யா. கை வச்சுப் பாத்தா சூடா இருக்கு, ஈ மொய்க்கல. வாசம் எப்படின்னு அவருக்குத்தான் தெரியும்" என்று கோபுரத்தைக் காட்டினார்.

"அப்ப அவரையே வந்து சொல்லச் சொல்லு" என்ற ஆய்வாளர், திருவிழா முடிந்ததும் பூட்டுவதாகச் சொல்லிப் போனார். அம்மையார் எஞ்சிய மாலையை உருவத் தொடங்கினார்.

திருவிழாவின் பத்தாம் நாள் காலை, குழாய்க்காகப் பெரிய தெரு தோண்டிக் கிடந்ததால், பல்லக்கு முதன்முறையாகக் கிடங்குச் சந்துக்குள் வந்தது. கிடங்கு வாசலில் முன்தண்டின் கயிறு தளர்ந்தது. பல்லக்கை இறக்கி அரைமணி நேரம் கட்டினார்கள். குடை பிடித்து வந்த சபாநடேசன் மூக்கில் சுற்றிய துண்டை மெல்ல அவிழ்த்தார். தொட்டிகளிலிருந்து மழை நனைத்த மண்ணின் வாசம் வந்தது. நாற்றம் இருந்தது, அது சந்து முனைக் கால்வாயில். பிரிக்கச் சோம்பி அவர் தெருவினரே பையோடு வீசியது.

சபாநடேசன், கூட்டத்தில் நின்ற ஆய்வாளரிடம் போனார். "இத்தன வருசத்துல நான் இங்க வந்து பாத்ததில்லங்க. மனுவ நானே திரும்ப வாங்கிக்கிறேன்."

அப்போது இறைவன் தோளிலிருந்த மாலை முடிச்சவிழ்ந்து, தண்டில் சரிந்து, கிடங்கு வாசலில் நின்ற அம்மையார் கையில் விழுந்தது. கூட்டம் அரகரவென்றது. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் வழக்கம்போல ஒரு பூவை உருவினார். "நாதா" என்றார்.

கை நின்றது.

"பிச்சிப்பூ" என்றார், யாரிடமும் அல்லாமல். "வாசமா இருக்கு."

கட்டிய கைகளை ஊர் அறிந்திருந்தது. அவிழ்த்த கைகளை இறைவன் அறிந்திருந்தான். குப்பாயி அம்மையார் புகழ் நிலைபெறுக.