லவோதிக்கேயா வெதுவெதுப்பு

சுகிர்தபுரத்துச் சபைக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். இருந்தது ஐயா, இருந்தது. புழங்கித் தேய்ந்துவிடக் கூடாதே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள்.

மாதம் ஒருமுறை வந்துபோகும் பாதிரி ஐயர் ஒரு ஞாயிறு வேதத்திலிருந்து 'லவோதிக்கேயா' என்ற ஒரே சொல்லை எடுத்துப் பிரசங்கித்தார். கிரேக்க ராசா ஒருவன் தன் ராணியின் பெயரை வைத்த ஊராம் அது. பக்கத்து ஊரில் வெந்நீர் ஊற்று, இன்னொரு பக்கம் குளிர்ந்த தண்ணீர். இவர்களுக்குக் குழாயில் வந்து சேர்ந்ததோ வெதுவெதுப்பு. வாயில் வைத்தால் குமட்டும். அரைமனசாக இருந்த அந்த ஊர்ச் சபையை ஆண்டவர் துப்பிவிடுவேன் என்றது அதனால்தான் என்று விளக்கிவிட்டு ஐயர் பஸ் ஏறிவிட்டார்.

சாயங்காலமே கமிட்டி கூடியது.

"நம்மள்ல எவன் வெதுவெதுப்புன்னு எப்படி வே கண்டுபிடிக்க?" என்று செயலாளர் ஞானாபரணம் கவலைப்பட்டார்.

"தெர்மாமீட்டர் எதுக்கு இருக்கு?" என்றார் மூப்பர் யோபு.

அடடா, என்ன அறிவு! உடனே தீர்மானம் போட்டார்கள். அனலும் இல்லாமல் குளிரும் இல்லாமல் இருக்கிறவன் வீட்டுக் கல்யாண ஓலையை இனிமேல் கோயிலில் வாசிக்கக் கூடாது.

மாசிலாமணிக்குத் தலையில் இடி விழுந்தது. முப்பத்தொரு வயதில்தான் மகள் ஜெபக்கனிக்கு ஓர் இடம் அமைந்திருந்தது. ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று ஓலையை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இரண்டு முடிந்தது. மூன்றாவது நின்றால் மாப்பிள்ளை லீவு முடிந்து பம்பாய்க்குப் போய்விடுவான். கல்யாணமும் அவனோடு ரயிலேறிவிடும்.

திங்கட்கிழமை யோபு மாசிலாமணியின் நாக்குக்கடியில் தெர்மாமீட்டரைச் செருகினார். தொண்ணூற்றெட்டு சொச்சம்.

"சுத்த லவோதிக்கேயன்," என்று ஞானாபரணம் தலையில் கைவைத்தார்.

பாவம் மனுஷன், என்னதான் செய்யவில்லை? பச்சைமிளகாயைக் கடித்தார், கண்ணில்தான் தண்ணீர் வந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாலு தெரு ஓடினார், நாய் துரத்தியதுதான் மிச்சம். கிணற்றடியில் இருபது வாளி ஊற்றிக்கொண்டு பல் தந்தியடிக்க வந்து நின்றார். அப்போதும் அதே தொண்ணூற்றெட்டு.

சனிக்கிழமை அவருக்குப் பொறுமை போய்விட்டது. "என்னையே பாக்கியளே, உங்க வாயில ஒருதரம் வச்சுப் பாருங்கவே!" என்று கத்தினார்.

வைத்தார்கள். ஞானாபரணம் தொண்ணூற்றெட்டு. யோபு தொண்ணூற்றெட்டு. ஐயர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்தும் உபதேசியாரும் அப்படியே. கமிட்டி முழுவதும் வெதுவெதுப்பு! ஞானாபரணம் விம்மி அழுதே விட்டார். அந்த இடத்திலேயே கமிட்டியைக் கலைத்தார்கள்.

"அப்ப எம்மவ ஓலைக்கு யாரு அனுமதி தருவா?" என்றார் மாசிலாமணி.

யோபுதான் மெல்ல வாயைத் திறந்தார். "கல்லறைத் தோட்டத்துல நம்ம பழைய மூப்பமாரு ஏழு பேரு இருக்காவளே. அவங்க குளுந்து எத்தனையோ வருசமாச்சு."

ஞாயிறு விடியும் முன்பே சபை கல்லறைத் தோட்டத்தில் கூடியது. மார்கழிப் பனியில் நனைந்த ஏழு கல்லிலும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார்கள். பாதரசம் ஏறவே இல்லை. அவர்களையே புதிய கமிட்டியாக அறிவித்து, உபதேசியார் மூன்றாம் ஓலையை அவர்கள் முன் வாசித்தார். "இந்தக் கல்யாணத்துக்கு யாராவது ஆட்சேபணை சொல்லுதியளா?"

ஒரு சத்தமில்லை.

"ஏகமனது!" என்று ஞானாபரணம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம சபை சரித்திரத்துலயே கமிட்டியில சண்டை வராதது இன்னைக்குத்தான் வே."

மாசிலாமணிக்கு உயிர் வந்தது. ஒவ்வொரு கல்லின் முன்னும் குனிந்து, "அண்ணாச்சி, விருந்துக்கு அவசியம் வந்துரணும்," என்று அழைத்தார். அப்புறம்தான் அவர்களால் வர முடியாதே என்று நினைவு வந்தது. கல்யாணத்தன்று கோயிலில் தாலி ஏறியதும் ஏழு இலையைக் கல்லறைத் தோட்டத்துக்கே கொண்டுபோய்ப் போட்டு, சோறும் சாம்பாரும் பரிமாறச் சொன்னார்.

ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒருவர்கூடக் கைவைக்கவில்லை. மாசிலாமணி பதறிப்போனார். ஞானாபரணம் உட்கார்ந்து சாம்பாரில் விரலை விட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"வெதுவெதுன்னுல்லா இருக்கு. பின்ன எப்படி வே தொடுவாவ? கமிட்டின்னா இது கமிட்டி!"