தேனெடுக்கும் கத்தி

மலைக்கு ஒரு ராஜா, மடுவுக்கு ஒரு ராஜா என்று ஆண்ட காலம் அது. ஒரு மலையடிவாரத்தில் மாசாணன் என்றொரு கொல்லன் இருந்தான். கெட்டிக்காரன்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும். உங்களில் யாருக்காவது அப்படி வருமென்றால், கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

அவன் தன் தங்கை தேவானையைத் தேனெடுக்கும் சடையனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தான். அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. தேனெடுப்பவன் கயிற்றில் தொங்கிப் பாறையில் இறங்கும்போது, மேலே கயிறு பிடிப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தானாக இருக்க வேண்டும். தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்க, எந்த அண்ணன் கையை விடுவான்?

ஒரு தேன் பருவத்தில் சடையன், மாசாணன் அடித்த கத்தியைப் பாறை இடுக்கில் செருகி, அதைப் பற்றிக்கொண்டு கூட்டருகே நகர்ந்தான். கத்தி முறிந்தது. மாசாணன்தான் கயிற்றை இழுத்துக் காப்பாற்றினான்.

மேலே வந்த சடையன் பயத்தில், "ஒங்க கத்தியை நம்புனது என் தப்பு மச்சான்" என்று சொல்லிவிட்டான்.

"இனி ஒன் கயித்தைத் தொட்டா ஏன்னு கேளு" என்று மாசாணன் போய்விட்டான். ஒரு வருஷம் பேச்சில்லை.

மறுபருவத்தில் தேவானை உலைக்களத்துக்கு ஓடிவந்தாள். "அண்ணே, பிள்ளைங்க பசியில வாடுதுங்க. இன்னியிலேருந்து மூணாம் நாள் அவரு கயித்தை மரத்துல கட்டிட்டுத் தனியா எறங்கப் போறாரு. சொன்னா கேக்கல" என்று அழுதாள்.

அவள் போனதும் மாசாணன் உலையை மூட்டினான்.

முதல் நாள் ஒரு கத்தி அடித்து, சிவக்கக் காய்ச்சி, முழுவதையும் தண்ணீரில் அமிழ்த்தினான். கூர்மையோ கூர்மை! பட்டடையில் தட்டினான், இரண்டாக முறிந்தது.

இரண்டாம் நாள் ஒரு கத்தி அடித்து, தண்ணீரே காட்டாமல் சாம்பலில் ஆறவிட்டான். எவ்வளவு வளைத்தாலும் முறியவில்லை. ஆனால் காட்டுக்கொடியை வெட்டியதும் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மடங்கிப்போயிற்று.

மூன்றாம் நாள் வாய்ப்பக்கத்தை மட்டும் ஒரு விரற்கடை தண்ணீரில் வைத்தான். முதுகு வெளியே சிவந்தே இருந்தது. எடுத்து, இரும்பின் நிறம் தெரியக் கல்லில் தேய்த்துவிட்டுக் காத்திருந்தான். ஆமாம், அந்த அவசரக்காரன் காத்திருந்தான்! முதுகின் சூடு மெல்ல மெல்ல வாய்க்கு இறங்கி, அது வைக்கோல் நிறமானதும் முழுதாகக் குளிர்வித்தான். கத்தி கொடியையும் வெட்டியது, அடியையும் தாங்கியது.

அதை எடுத்துக்கொண்டு மலைக்கு ஓடினான். மரத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த சடையன் நிமிர்ந்து பார்த்தான்.

"மாப்பிள்ளே, மொதல்ல நான் எறங்குறேன். கயித்தை நீ பிடி."

"வழக்கம் அப்படி இல்லையே மச்சான்."

"கத்தி என்னுது. அன்னிக்குத் தப்பும் என்னுது. சொல்லத்தான் ஒரு வருஷமா வாய் வரல."

இறங்கினான். இடுக்கில் கத்தியைச் செருகி, தன் முழுப் பாரத்தையும் அதில் போட்டான். கத்தி சற்றே வளைந்தது. கையை எடுத்ததும் நிமிர்ந்துகொண்டது.

மேலே இழுத்ததும் சடையன் அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். பிறகு கத்தியை வாங்கி இடுப்பில் செருகினான். கயிற்றை மச்சானின் கையில் கொடுத்துவிட்டு, ஒரு தடவைகூடத் திரும்பிப் பாராமல் பாறையில் இறங்கினான்.

ஆகவே, பிள்ளைகளே, பெரியவர்களே: வளைந்துகொடுக்கத் தெரிந்த உறுதிதான் இன்னொருவர் உயிரைத் தாங்கும்.