முப்பத்தைந்து அடியில் பாறை

கரட்டு மலையின் அடிவாரத்தில் ஒரு சிறிய மடம் இருந்தது. அங்கே ஏழு பேர் வாழ்ந்தார்கள். மடத்தின் குரு தவமணி அம்மைக்கு நாற்பத்திரண்டு வயது. சீடர்களில் மூத்தவர் மாசிலாமணி. அவருக்கு அறுபத்தொன்று. முப்பது வருஷம் ரோடு போடும் வேலையில் மேஸ்திரியாக இருந்தவர்.

மடத்துக்கு வந்த அன்றே அவர் கேட்டுவிட்டார்.

“அம்மா, எடுத்த வேலை எதையும் நான் பாதியில விட்டதில்லை. ஆனா சந்தோஷமா இருந்தேன்னு சொல்ல ஒருநாள்கூட ஞாபகத்துல இல்லை. ஏன்?”

“தெரியலையே ஐயா,” என்றார் குரு. “இருங்க. பார்ப்போம்.”

அந்த வருஷம் மலைச்சுனை வற்றியது. தை பிறந்தபோது பாறை இடுக்கில் ஈரம்கூட இல்லை. மூன்று மைல் தள்ளியிருந்த ஊர்க் குளத்திலிருந்து வண்டியில் தண்ணீர் வந்தது. ஊர்த் தலைவர் நேரில் வந்து சொன்னார்.

“சித்திரை முடிய தர்றோம் தாயி. அதுக்கு மேல எங்களுக்கே காணாது.”

கிணறு வெட்ட வேண்டும். இல்லையென்றால் மடத்தை விட்டுப் போக வேண்டும்.

“நான் வெட்டுறேன்,” என்றார் மாசிலாமணி. “தண்ணி வர்ற வரைக்கும் எனக்கு உப்பில்லாத கஞ்சி போதும். வேலைப் பேச்சு தவிர வேற பேச்சு வேண்டாம். யாரும் பாடவும் வேண்டாம். கவனம் சிதறும்.”

குரு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மண் கூடையை எடுத்தார்.

விடிவதற்குள் குழியில் இறங்குபவர் மாசிலாமணி. கடைசியாக ஏறுபவரும் அவர்தான். கஞ்சியை நின்றபடியே குடிப்பார். குடித்த கையோடு கடப்பாரையை எடுப்பார்.

மூன்றடியில் ஒரு வேர் வெட்டுப்பட்டது. குரு குனிந்து எடுத்து முகர்ந்தார்.

“ஐயா, நன்னாரி! மோந்து பாருங்க.”

“தண்ணி வரட்டும்மா.”

பதினைந்தடியில் மண் நிறம் மாறியது. சிவப்புக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே சாம்பல். குரு விரலால் தடவிக்கொண்டே சுற்றி வந்தார்.

“சேலைக் கரையாட்டம் இருக்கு ஐயா. பாருங்களேன்.”

“தண்ணி வரட்டும்மா.”

இருபத்தைந்தடியில் உச்சி வெயில் எட்டவில்லை. மேலே கல் சுட்டது, உள்ளே குளிர்ந்தது. குரு கன்னத்தை மண்சுவரில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஒரு நிமிஷம் சாஞ்சு பாருங்க ஐயா.”

இந்த முறை பதிலுக்குக் கடப்பாரைச் சத்தம்தான் கேட்டது.

முப்பத்தைந்தாவது அடியில் பாறை வந்தது.

ஒன்பது நாள் உளியும் சம்மட்டியுமாக அடித்தார். எழுபத்தோராம் நாள் உளி இரண்டாக உடைந்தது. சம்மட்டியாலேயே பாறையை அடித்தார். உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அப்போதும் நிறுத்தவில்லை. கைப்பிடி வழுக்கிச் சம்மட்டி கீழே விழுந்த பிறகுதான் உட்கார்ந்தார். கல் சில்லுகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்த குரு நிமிர்ந்தார்.

“அடி வரைக்கும் பாறைதான். சத்தத்துலயே தெரியுது,” என்றார் மாசிலாமணி. “எழுபத்தோரு நாள். அத்தனையும் வீண்.”

“எனக்கு வீண் இல்லை ஐயா.”

அவருக்குக் கோபம் வந்தது. குருவிடம் அவர் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

“எப்படி இல்லாம போகும்? சொட்டுத் தண்ணி கிடையாது! ஏழு பேர் எங்க போறதுன்னு தெரியலை. நீங்க என்னடான்னா வேரை மோந்தீங்க, மண்ணைத் தடவினீங்க. இங்க வாங்க, அங்க பாருங்கன்னு என்னையும் கூப்பிட்டுக்கிட்டே…”

சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

“என்ன ஐயா?”

“அவளும் இப்படித்தான் கூப்பிடுவா.”

“யாரு?”

“என் வீட்டுக்காரி. செல்லத்தாயி.” அவர் பாறையைப் பார்த்தே பேசினார். “‘ஏங்க, முருங்கை பூத்திருக்கு, வந்து பாருங்க. ஏங்க, பணியாரம் சூடா இருக்கு, செத்த உக்காருங்க.’ ரோடு முடியட்டும்டீன்னு சொல்வேன். ரோடு முடிஞ்சா, வீடு முடியட்டும்பேன். வீடு முடிஞ்ச மாசம் அவ படுத்துட்டா. அப்ப நான் பக்கத்துல உக்காந்து கூப்பிட்டேம்மா. ‘தாயி, ஜன்னல்ல அணில் வந்திருக்கு, பாரு’ன்னு.”

குரு கூடையைக் கீழே வைத்தார்.

“அவளால தலையைத் திருப்ப முடியலை.”

மாசிலாமணி அழுதார். முப்பத்தைந்தடி ஆழத்தில் அந்த அழுகை சுவரெல்லாம் எதிரொலித்தது. குரு, குடிக்க வைத்திருந்த செம்புத் தண்ணீரை எடுத்து அவர் கையைக் கழுவினார். தலைத்துண்டை அவிழ்த்துக் கிழித்துக் கட்டுப் போட்டார். அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மாசிலாமணி எழுந்திருக்க நேரமாகிவிட்டது. வெளியே தொம் தொம் என்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தார். பழைய குழிக்குக் கிழக்கே, ஐம்பதடி தள்ளி, குரு தனியாகக் கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தார். முழங்கால் ஆழம் தோண்டியாகிவிட்டது. மற்ற ஐந்து பேரும் கூடைகளோடு வந்துகொண்டிருந்தார்கள்.

“அம்மா, மூட்டை கட்ட வேண்டாமா?”

“சித்திரை முடிய நாற்பது நாளுக்கு மேல கிடக்கே.”

“என் கை…”

“வலது கைதானே? இடது கையால கூடை பிடிக்கலாம்.”

மாசிலாமணி விளிம்பில் நின்று குழியைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தே ஆழம் சொல்லும் பழக்கம் உள்ளவர். இந்த மண் ஒன்றும் சொல்லவில்லை.

“இங்கயும் பாறை இருந்தா?”

“இருக்கலாம்.”

“அப்ப என்ன பண்றது?”

அந்த இடத்தில் தண்ணீர் வர இன்னும் முப்பத்தெட்டு நாள் இருந்தது. அது அன்று இரண்டு பேருக்குமே தெரியாது.

குரு கடப்பாரையை ஊன்றி நிறுத்தினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“பாறை வரும்போது பாறையைப் பார்ப்போம் ஐயா. இப்ப வெட்டின மண்ணு மெத்துனு கிடக்கு. செருப்பைக் கழட்டிட்டு இறங்குங்க.”

மாசிலாமணி செருப்பைக் கழற்றினார்.