நாலு பேர் சேர்ந்து சாப்பிட்ட நீல மாத்திரை

மாடிப்படி திரும்புகிற இடத்தில் நாற்காலி மாட்டிக்கொண்டது. நாற்காலியில் சடையாண்டி மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். மேலே நின்று மூக்கன் இழுத்தான். கீழே வீரணனும் காசியும் முட்டுக்கொடுத்தார்கள். காசியின் தலை நாற்காலிக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவில் இருந்தது.

"மேஸ்திரி, மூச்சு வாங்குதா?" என்று வீரணன் கேட்டான்.

"இல்லடா. ஜம்முனு இருக்கு."

"நெஞ்சு?"

"நெஞ்சும் நல்லாத்தான் இருக்கு. காசிக்குத்தான் கண்ணு கொஞ்சம் வெளிய வருது."

"காசி கண்ணைப் பத்தி டாக்டர் ஒண்ணும் சொல்லலை. நீ தூக்கு" என்றான் மூக்கன்.

முத்தலாங்குளத்தில் இரண்டு மாடி உள்ள கட்டடம் இந்தக் கல்யாண மண்டபம் ஒன்றுதான். சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"யாருக்குய்யா என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆகுமான்னுதான் பாக்குறோம்" என்றான் மூக்கன்.

இந்த நாலு பேரும் பருப்புக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள். எதையும் ஒருத்தன் தனியாகத் தூக்கக் கூடாது என்பது அவர்கள் செட்டின் வழக்கம். மூட்டைக்கு அது நல்ல வழக்கம்தான். இவர்கள் மூட்டையோடு நிறுத்தவில்லை. காசிக்குப் பெண் பார்க்க நாலு பேரும் ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு போனார்கள். "இதுல யாரு மாப்பிள்ளை?" என்று பெண்ணின் அப்பா கேட்டார். "பிரிச்சுப் பேசாதீங்க, நாங்க ஒரே செட்டு" என்றார் மேஸ்திரி. காசிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

போன வருஷம் மேஸ்திரிக்கு ஹார்ட் அட்டாக் வந்தது. நெஞ்சு ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு அவருக்கு அந்த விஷயம் நடக்கவில்லை. எந்த விஷயம் என்று சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை இல்லை. சுற்றி வளைத்துத்தான் பாதி ஆம்பளைகள் சாகிறார்கள். உறுப்பு விறைக்கவில்லை, அவ்வளவுதான் சங்கதி. நெஞ்சு நோய்க்காரர்களுக்கு இது சகஜம். மேஸ்திரியோ, தூக்கின மூட்டை நடுச்சந்தையில் கிழிந்து கொட்டின மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரிந்தார். வீட்டில் மனைவி பேச்சியம்மாளிடம் மூச்சுவிடவில்லை. மனுஷனுக்கு நம்ம மேல் பிடிப்பு விட்டுப்போச்சு என்று அவள் நினைத்துக்கொண்டாள். அம்மா வீட்டுக்குப் போவதற்குப் பையைக்கூட எடுத்து வைத்துவிட்டாள்.

மனைவியிடம் சொல்லாத விஷயத்தைக் கிடங்கில் மூன்று பேரிடம் சொன்னார். அதனால் டாக்டர் ஜெரால்டு அறைக்குள் நாலு பேரும் நுழைந்தார்கள். மேஸ்திரி கூரையைப் பார்த்தார். மூக்கன்தான் பேசினான்.

"டாக்டர், எங்களுக்கு எந்திரிக்க மாட்டேங்குது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நாலு பேருக்குமா?"

"வியாதி மேஸ்திரிக்கு. வருத்தம் நாலு பேருக்கும்."

டாக்டர் நல்ல மனுஷன், சிரிக்கவில்லை. "இதுக்கு மாத்திரை இருக்கு. ஆனா உங்க நெஞ்சு அதைத் தாங்குமான்னு முதல்ல பாக்கணும். நிக்காம ரெண்டு மாடி ஏறிப் பாருங்க. மூச்சு வாங்காம, நெஞ்சு வலிக்காம ஏற முடிஞ்சா வந்து சொல்லுங்க. மத்த டெஸ்ட்டை அப்புறம் எடுக்கலாம். நெஞ்சு வலிச்சா நாக்குக்கு அடியில வைக்கச் சொல்லி ஒரு மாத்திரை குடுத்திருக்கேன்ல, அது சட்டைப்பையில இருக்கா?"

"இருக்கு டாக்டர்."

"அதுவும் இந்த மாத்திரையும் ஒரே உடம்புல சேரவே கூடாது. சேர்ந்தா பிரஷர் கிடுகிடுன்னு இறங்கி ஆளையே கொண்டுபோயிடும். என்னைக் கேக்காம கடையில எதையும் வாங்காதீங்க. புரிஞ்சுதா?"

நாலு தலையும் ஆடின. ஒன்றுக்குள்ளும் எதுவும் போகவில்லை.

வெளியே வந்ததும் காசி கேட்டான். "ரெண்டு மாடி மேஸ்திரி தனியாவா ஏறணும்?"

"அவரு என்னைக்குத் தனியா ஏறினாரு?" என்றான் மூக்கன்.

இப்படித்தான் நாற்காலி மாடிக்கு வந்தது. மொட்டைமாடியில் இறக்கியபோது மேஸ்திரிக்கு மூச்சு வாங்கவில்லை, ஒரு சொட்டு வேர்வையும் இல்லை. மற்ற மூன்று பேரும் தரையில் கிடந்து கரைக்கு வந்த மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

"மேஸ்திரி பாஸ்" என்று மூச்சிரைக்கச் சொன்னான் மூக்கன். "நாம மூணு பேரும் ஃபெயில். நமக்கு அந்த மாத்திரை வேண்டாம்."

வந்து சொல்லச் சொன்னாரே டாக்டர், அவரிடம் யார் போனது? பாஸ் ஆனவன் வாத்தியாரிடம் எதற்குப் போக வேண்டும் என்று மேஸ்திரி கேட்டார். மெடிக்கல் கடையில் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று விரட்டினார்கள். பஸ் ஸ்டாண்டு பின்னால் பெட்டிக்கடையில் ஒருத்தன் சீட்டும் கேட்கவில்லை, பேரும் கேட்கவில்லை. பழைய பேப்பரில் மடித்துக் கொடுத்தான். நீலமாக இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. நம் ஆட்கள் கத்தரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குவார்கள். இதை வாங்கும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கிடங்கு லீவு. மேஸ்திரி வீட்டு வாசலில் தள்ளுவண்டி மேல் உட்கார்ந்து ஆலோசனை நடத்தினார்கள்.

"ஒரே உடம்புல சேரக் கூடாதுன்னாரு டாக்டர்" என்றான் காசி. "நீலத்தை முழுங்கினப்புறம் மேஸ்திரிக்கு நெஞ்சு வலிச்சா என்ன செய்யிறது?"

வீரணன் வண்டிச் சக்கரத்தையே பார்த்தான்.

"உடம்பு ஒண்ணா இருந்தாத்தானே சேரும்?" என்றான் மூக்கன். "நம்மகிட்ட நாலு உடம்பு இருக்கு. நீலம் மேஸ்திரிக்கு. வலி வந்தா நாக்கு மாத்திரையை வீரணன் வச்சுக்கட்டும்."

"அவரு வலிக்கு நான் வச்சா கேக்குமா?"

"அவரு மூட்டையை நீ தூக்கினா வண்டியில ஏறுதா இல்லையா?"

வீரணனிடம் இதற்குப் பதில் இல்லை. எனக்குத் தெரிந்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் இருக்கும். மேஸ்திரி சட்டைப்பையிலிருந்த நாக்கு மாத்திரைப் பட்டையை எடுத்து வீரணனிடம் கொடுத்தார். நீலத்தைத் தண்ணீரோடு முழுங்கினார். மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே போனார்.

பேச்சியம்மாள் அடுப்படியில் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே எட்டிப் பார்த்தாள்.

"என்னடா, லீவு நாள்ல வாசல்ல காவல்?"

"நீங்க உள்ள போங்க மதினி. நெஞ்சை நாங்க பாத்துக்கிறோம்" என்றான் மூக்கன்.

"யாரு நெஞ்சை?"

மூன்று பேரும் தெருவைப் பார்த்தார்கள். அவள் திரும்பியபோது மேஸ்திரி புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். தன் பலத்தைக் காட்ட நினைத்தாரோ என்னவோ, கேட்பாரில்லாமல் மூலையில் கிடந்த ஆட்டுக்கல்லை எடுத்து இடுப்பு வரைக்கும் தூக்கினார். அவர் வாழ்க்கையில் தனியாகத் தூக்கிய முதல் பாரம் அது. கல் கீழே விழுந்தது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகச் சரிந்தார்.

"வலிக்குதுடா" என்றார்.

வாசலில் இருந்தவர்களுக்கு அது உத்தரவாகக் கேட்டது. வீரணன் சட்டென்று மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

பேச்சியம்மாள் பக்கத்து வீட்டு போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அதற்குள் வீரணனுக்குத் தலை விண்ணென்று தெறித்தது. எழுந்தான், கண் இருட்டியது, தள்ளுவண்டியில் மல்லாந்து விழுந்தான்.

"பிடிச்சிருச்சு" என்றான் மூக்கன். "மேஸ்திரி, இப்ப எப்படி இருக்கு?"

"அப்படியே இருக்கு."

"காசி, நீயும் ஒண்ணு வை. ஒரு ஆளு பத்தாது போல."

நல்ல வேளை, ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. சீருடைக்காரர் குதித்து இறங்கி, "நெஞ்சு வலி யாருக்கு?" என்றார். மூக்கன் தள்ளுவண்டியைக் காட்டினான். வீரணனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிப் பட்டை கட்டிவிட்டார்கள்.

"அடப் பாவிகளா, என் புருஷன் உள்ள கிடக்கான்" என்று பேச்சியம்மாள் சீருடைக்காரரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அவர் மேஸ்திரியின் நாடியைப் பார்த்தார். பழைய சீட்டைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து, நாக்குக்கு அடியில் வைக்கிற அதே மாத்திரையைக் கையில் எடுத்தார். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா? வீரியத்துக்கு, அது இதுன்னு?"

மேஸ்திரி பேச்சியம்மாளைப் பார்த்தார். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினார். உயிர் போனாலும் பரவாயில்லை, மானம் போகக் கூடாதாம். மாத்திரை அவர் வாய்க்குப் பக்கத்தில் வந்தது.

"சாப்பிட்டோம் சார்" என்றான் வாசலில் நின்ற காசி. "நீலக் கலர். இப்பத்தான்."

"சாப்பிட்டோமா? யாரு சாப்பிட்டது?"

"முழுங்கினது மேஸ்திரி. சாப்பிட்டது நாலு பேரும்."

சீருடைக்காரர் மாத்திரையைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். காசியை மேலும் கீழும் பார்த்தார். "இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாம விட்டிருந்தா, நீங்க நாலு பேரும் சேர்ந்து அவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருக்கணும்" என்றார்.

"அதுக்கும் நாங்க நாலு பேரு வேணும் சார். அவரு போயிட்டா மூணு பேருதான் இருப்போம்" என்றான் காசி.

மேஸ்திரி பிழைத்தார். நாக்கு மாத்திரை அவர் கையில் இருந்திருந்தால் வலி வந்ததும் அவரே வைத்திருப்பார், அங்கேயே முடிந்திருப்பார். அதை வீரணன் தின்றதால் பிழைத்தார். இதை மூக்கனிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள், தன் யோசனைதான் என்று கிளம்பிவிடுவான்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் ஜெரால்டு மூன்று பேரையும் வெளியே நிறுத்திவிட்டு மேஸ்திரியை மட்டும் கூப்பிட்டார்.

"மாத்திரை, டெஸ்ட்டு எல்லாம் அப்புறம் பாக்கலாம். இன்னைக்கு உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான். வீட்டுக்குப் போங்க. சம்சாரம் பக்கத்துல உக்காருங்க. உங்களுக்கு என்ன பிரச்சினைன்னு நீங்களே, உங்க வாயால, மனசு விட்டுச் சொல்லுங்க. அந்தம்மா பையோட வெளிய உக்காந்திருக்காங்க, பாத்தீங்களா?"

"பாத்தேன் டாக்டர். சொல்லிடுறேன்."

சாயங்காலம் பேச்சியம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"சொல்லு" என்றாள் அவள்.

மேஸ்திரி வாசலைப் பார்த்தார். குளித்து, திருநீறு பூசி, மூன்று பேரும் வரிசையாக உள்ளே வந்தார்கள்.

"மதினி, மேஸ்திரி பாரம் எதுவும் தூக்கக் கூடாதாம்" என்றான் மூக்கன். "அதனால அந்தப் பேச்சை நாங்க மூணு பேரும் பிரிச்சு எடுத்துக்கிட்டோம். பிரச்சினையை நான் சொல்றேன். உங்க மேல உள்ள ஆசையை வீரணன் சொல்லுவான். அழுகை வந்தா காசி."

பேச்சியம்மாள் புருஷனைப் பார்த்தாள். "அப்ப நீ என்ன செய்யப் போற?"

அவர் வாய் நிறைய வெற்றிலை இருந்தது. முதலில் ஆசையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று வீரணனுக்குக் கையைக் காட்டினார்.