உள்ளிருந்து இழுக்கும் மணி

ஆற்றங்கரை மடம் ஒன்றில் துயரம் கேட்கும் கூடம் இருந்தது. வாழப் பிடிக்காதவர்கள் எந்த ஊரிலிருந்தும் தொலைபேசியில் அழைக்கலாம். சீடர்கள் பாய் போட்டு உட்கார்ந்து அவர்களோடு பேசுவார்கள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் கூடம் சந்தைக்கடைதான். "அங்க பின்னாடி யாரு பேசுறது?" என்று பயந்து தொலைபேசியை வைத்துவிட்டவர்கள் உண்டு. அவர்களில் எத்தனை பேர் மறுபடி அழைத்தார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

கூடத்தில் ஒரு வழக்கம். பக்கத்தில் பேசுபவரின் குரல் தடுமாறினால், காதில் விழுந்தவர் எழுந்துபோய் ஒரு டம்ளர் சுக்குத் தண்ணீரை அவர் அருகில் வைப்பார். அதைப் பற்றி யாரும் பேசிக்கொண்டதில்லை.

பொன்னம்பலம் தலை நரைத்த பிறகு மடத்துக்கு வந்தவர். அதற்கு முன் சென்னையில் கம்பெனிகளுக்கு அலுவலகம் அமைத்துக் கொடுத்தார். துறவு பூண்டாலும் தொழில் புத்தி விடுமா? குருவிடம் போனார்.

"சாமி, இந்த இரைச்சல்ல யாராலயும் மனசு ஊணி கேக்க முடியல. ஆளுக்கொரு அறையா தடுத்துடலாம்."

"கூப்பிடுறவங்களுக்கு நல்லதா?"

"ரொம்ப நல்லது சாமி."

"அப்ப செய்."

சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாகச் செய்தார். தடுப்புகளுக்குள் தென்னை நாரை அடைத்தார். கதவு விளிம்புகளில் ரப்பர் ஒட்டினார். ஒவ்வொரு கதவுக்கும் வெளியே ஒரு சிவப்பு விளக்கு. தொலைபேசியை எடுத்தால் எரியும், வைத்தால் அணையும். எரியும்போது யாரும் கதவைத் திறக்கக்கூடாது என்று விதி செய்தார். அழைத்தவர்கள் இப்போது பயமில்லாமல் நெடுநேரம் பேசினார்கள். பொன்னம்பலத்துக்குப் பெருமை பிடிபடவில்லை.

மழைக்காலத்தில் ஒரு காலை, அஞ்சுகம் என்ற சீடப்பெண் பேசிக்கொண்டிருந்தபோதே, மறுமுனையில் இருந்தவன் இறந்துபோனான். அவள் தொலைபேசியை வைக்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் விதிப்படி ஓசையில்லாமல் கடந்து போனார்கள். மாலைப் பூசைக்கு அவள் வராததால்தான் கதவைத் திறந்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. யாரையும் அடையாளம் தெரியவில்லை. அவளுடைய அண்ணன் வந்து, குழந்தையை நடத்துவதுபோல் கையைப் பிடித்து ஊருக்குக் கூட்டிப் போனார்.

பொன்னம்பலத்துக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி குருவிடம் போனார்.

"நான் எங்க தப்பு பண்ணேன் சாமி? அறையில ஒரு குறையும் இல்லையே."

பிறகு அவரே தொடர்ந்தார்.

"வெளியில ஒரு மணி கட்டி, கயித்த உள்ள விட்டிருக்கணும். அவ இழுத்திருந்தா ஓடியிருப்போம். மத்த அறைக்காவது கட்டிடறேன்."

"மொதல்ல அவ அறைக்குக் கட்டு."

கட்டினார். கதவுக்கு மேலே துளையிட்டுக் கயிற்றை உள்ளே விட்டார். இழுத்துப் பார்த்தார். மணி கூடம் முழுக்கக் கேட்டது.

குரு உள்ளே போய், அஞ்சுகம் உட்கார்ந்திருந்த பாயில் உட்கார்ந்தார். கயிறு அவர் மடியருகே தொங்கியது.

"கதவைச் சாத்திட்டு வெளியில இரு."

பொன்னம்பலம் வெளியே உட்கார்ந்து மணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. சாமி தியானத்தில் ஆழ்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். தான் கட்டிய அறையில் அவருக்கு அவ்வளவு அமைதி கிடைத்ததில் கொஞ்சம் ஆறுதல்கூட வந்தது.

விளக்கு வைக்கும் நேரமாகியும் குரு வரவில்லை. பொறுக்கமாட்டாமல் கதவைத் திறந்தார்.

குருவின் முகம் வீங்கியிருந்தது. துண்டு நனைந்து மார்போடு ஒட்டிக் கிடந்தது. தேம்பல் இன்னும் அடங்கவில்லை.

பொன்னம்பலம் பதறிப்போய் அவர் காலருகே உட்கார்ந்தார்.

"கயிறு கைக்கு எட்டுற தூரத்துலதானே சாமி இருக்கு. இழுத்திருக்கலாமே?"

"அழுதுகிட்டு இருந்தேன்ப்பா" என்றார் குரு.