ஒரு பேரும் தாண்டாமல்

"இந்தா தபித்தா, இனி இது எனக்கு வேண்டாம். நீயே வச்சுக்கோ."

பாக்கியநாதன் சார் தன் பைபிளை அவள் மடியில் வைத்தார். அதற்கு மேல் வசனப் பெட்டியையும் வைத்தார்.

வசனப் பெட்டி இல்லாத கிறிஸ்தவ வீடு எங்கள் பக்கம் அபூர்வம். உள்ளங்கை அளவுப் பெட்டி. உள்ளே சின்னச் சின்ன அட்டைகள். ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து எடுத்த ஒரு வாக்குத்தத்தம். காலையில் கண்ணை மூடி ஒன்றை உருவினால் அன்றைய வேதவாசிப்பு முடிந்தது. அதிகாரம் அதிகாரமாக வாசிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற சாருக்கும் முப்பது வருஷமாக அதுதான் வழக்கம்.

"மூணு மாசமா தெனமும் ஒண்ணு உருவுதேன். செழிப்பாயாம். தலையாவாயாம். பெருகுவாயாம். மகனைப் பொதச்சவனுக்குன்னு ஒரு அட்டை இல்லியே இதுல!"

மகன் பெயர் செல்வின். இருபத்தேழு வயது. தென்காசி ரோட்டில் பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் நாற்பது நாள் பொறுத்தார்கள். அதற்குப் பிறகு, விசுவாசி இவ்வளவு அழலாமா என்று ஆரம்பித்தார்கள். சார் கேட்டைப் பூட்டிவிட்டார். உள்ளே அவர் மனைவி சந்தோஷம் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். அழவும் இல்லை, பேசவும் இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் மகன் பெயரைச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது.

"பதில் சொல்லு. நாலு பேருக்கு ஆறுதல் சொல்லுதவதான நீ?"

தபித்தா பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது. தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பதினைந்து நாள் வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டர் உத்தரவு. அவசரத்துக்கு எழுதிக் காட்டப் பக்கத்தில் ஒரு சிலேட்டு வைத்திருந்தாள்.

தபித்தா எங்கள் சபையின் பைபிள் உமன். வீடு வீடாகப் போய் வேதம் வாசித்து ஜெபிப்பது அவள் வேலை. நாற்பத்தொரு வயது. சாரிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். படிப்பு சுமார்தான் என்று சாரே சொல்வார். ஆனாலும் மனசு உடைந்தால் ஊரில் எல்லாரும் போய் நிற்பது அவளிடம்தான். சாரும் அப்படித்தான் வந்து நின்றார். பைபிளைக் கொடுக்க வந்ததாகச் சொன்னது சும்மா. நிஜமாகவே வேண்டாமென்றால் அதை ஆலயத்து மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கலாமே!

அவளைச் சுற்றிப் பதினொரு பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அதைச் சொல்ல வேண்டும். தினமும் காலை எட்டு மணிக்கு ஆலயத்துக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகைக்கு அவர்கள் தட்டும் இலையும் தூளுமாக வந்துவிடுவார்கள். கை வேலை செய்யும். காது சும்மாதானே இருக்கிறது? தபித்தா ஒரு அதிகாரம் வாசிப்பாள். ஒரு நாளைக்கு ஒன்று. விட்ட இடத்திலிருந்து. மழையானாலும் சரி, பண்டிகையானாலும் சரி. பதினாலு வருஷமாக இது நடக்கிறது. முழு வேதத்தையும் நாலு சுற்று முடித்து, ஐந்தாவது ஓடிக்கொண்டிருக்கிறது.

புகையிலைத் தட்டுக்கு நடுவில் வேதமா என்று ஒரு குருவானவர் முகம் சுளித்ததுண்டு. ஒரு நாள் வந்து உட்கார்ந்து கேட்டார். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இன்று தபித்தாவுக்குக் குரல் இல்லை. பதினொரு பேரில் பேபி என்ற பெண் வாசித்துக்கொண்டிருந்தாள். நாளாகமம், முதல் புத்தகம், முதல் அதிகாரம். வெறும் பேர் வரிசை.

"அர்... அர்ப்ப... அர்ப்பச் சாதம்..."

"சாதமா? அதுக்குள்ள பசி வந்துட்டா ஒனக்கு?" என்றாள் மரியசெல்வம்.

கொட்டகை சிரித்தது.

சாரால் தாங்க முடியவில்லை. முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளின் வாசிப்பைத் திருத்திய காது அது.

"அர்பக்சாத்!" என்றார்.

தபித்தா அவருடைய பைபிளைத் திறந்தாள். அந்தப் பக்கத்தை எடுத்தாள். அர்பக்சாத் மேல் விரல் வைத்து அவரிடம் நீட்டினாள்.

"நானா? நான் வாசிக்க வரல. குடுக்க வந்தேன்."

அவள் நீட்டிய கையை இறக்கவில்லை.

"பேர் வரிசையைப் போயி எவனாவது வாசிப்பானா? நான் ஒரு நாளும் வாசிச்சதில்ல. நேரா தாவீது ராஜா கதைக்குத் தாண்டிருவேன்."

கை அப்படியே இருந்தது. பதினொரு பெண்களும் அவரைப் பார்த்தார்கள். பேபி நைசாகத் தன் தட்டை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டாள்.

சார் உட்கார்ந்து வாசித்தார். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி கடகடவென்று வாசித்து முடித்தார்.

பைபிளைக் கீழே வைத்தார். "நாளைக்கு வரமாட்டேன்."

தபித்தா சரியென்று தலையாட்டினாள்.

மறுநாள் எட்டு மணிக்கு வந்துவிட்டார். பேபி அந்தப் பேர்களை என்ன பாடுபடுத்துவாளோ என்ற கவலை என்றார். நாங்கள் நம்பினோம்.

இரண்டாம் அதிகாரத்தில் சேசான் என்று ஒருவர் வந்தார். ஆண் பிள்ளை இல்லை, எல்லாம் பெண்கள் என்று எழுதியிருந்தது.

"நில்லுங்க சார், நில்லுங்க," என்றாள் மரியசெல்வம். அவளுக்கு நாலு பெண்கள். "நம்ம ஆளு ஒருத்தரு உள்ள இருக்காரு போல. அவரு பேரு இன்னொருக்கா சொல்லுங்க."

"சேசான்."

"பாவம். எத்தன கல்யாணம் பண்ணி வச்சாரோ!"

அன்று முழுக்க அவள் சேசானைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள், ஏதோ பக்கத்துத் தெருக்காரர் மாதிரி.

"நாளைக்கு வரமாட்டேன்," என்றார் சார்.

தபித்தா தலையாட்டினாள்.

மூன்றாம் நாள் வந்தார். நான்காம் நாளும் வந்தார்.

நான்காம் அதிகாரத்தில் யாபேஸ் வந்ததும் சாருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என் எல்லையைப் பெரிதாக்கும் என்று கடவுளிடம் கேட்டு வாங்கிக்கொண்டவன் யாபேஸ். காலண்டரில் அவன் வசனம், கார்க் கண்ணாடியில் அவன் வசனம். சார் வசனப் பெட்டியைக் கவிழ்த்துக் கிளறி ஓர் அட்டையை எடுத்தார்.

"பாத்தியா? இவன்தான்! இம்புட்டுப் பேருக்கு நடுவுல கேட்டது கெடச்ச ஒருத்தன மட்டும் வெட்டி எடுத்து அட்டையில போட்டிருக்கானுவ. மத்தவனெல்லாம் ஆளில்லியா?"

தபித்தா வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு அடுத்த வசனத்தின் மேல் விரல் வைத்தாள்.

சார் முணுமுணுத்துக்கொண்டே தொடர்ந்தார். கீழே துணி நெய்கிறவர்கள் வந்தார்கள், குயவர்கள் வந்தார்கள்.

"தொழிலெல்லாம் போட்டிருக்காவளே," என்றாள் பேபி. "பீடி மட்டுந்தான் இல்ல."

அன்று சார், நாளைக்கு வரமாட்டேன் என்று சொல்ல மறந்துவிட்டார்.

ஐந்தாம் நாள் ஓர் அதிகாரம். ஆறாம் நாள் எண்பத்தொரு வசனம். லேவி வம்சத்தார் முழுக்க வரிசைகட்டி வந்தார்கள். சாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மரியசெல்வம் சுக்குத் தண்ணி கொடுத்தாள்.

ஏழாம் நாள் ஏழாம் அதிகாரம்.

வழக்கம்போல் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். எப்பிராயீமின் பிள்ளைகள் வந்தார்கள். இவன் மகன் அவன், அவன் மகன் இவன். அதில் எத்சேர், எலியாத் என்ற மகன்களைக் காத் ஊர்க்காரர்கள் கொன்றுபோட்டார்கள் என்று வாசித்தார்.

அடுத்த வரிக்குப் போனார். நின்றுவிட்டார்.

பீடி சுற்றும் சரசரப்பு கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"என்ன சார்? பேரு வாயில வரலியா?" என்றாள் பேபி.

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொண்டார்.

"பேரில்ல."

"பெறவு?"

"அவங்க அப்பா... எப்பிராயீம்... பல நாள் துக்கத்துல இருந்தான்னு போட்டிருக்கு. அவன் சகோதரர்கள் வந்து ஆறுதல் சொன்னாங்கன்னு போட்டிருக்கு."



"எத்தன நாளுன்னு போடலியா?" மரியசெல்வம்தான் கேட்டாள்.

"இல்ல. பல நாள்னுதான் இருக்கு."

"நல்லது. யாரும் எண்ணல."

சார் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"வந்தவங்க என்ன சொன்னாங்கன்னு இருக்கா?" என்றாள் பேபி.

"அது இல்ல."

"பெருசா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாவ," என்றாள் மரியசெல்வம். "வந்து உக்காந்திருப்பாவ."

பூட்டிய கேட்டுக்குள் தனியாக உட்கார்ந்திருந்த மனிதர், பதினொரு பீடித் தட்டுகளுக்கு நடுவில் வாய்விட்டு அழுதார். பெண்கள் யாரும் அழாதீங்க என்று சொல்லவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே இருந்தார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

வெகு நேரம் கழித்துச் சார் தபித்தாவைப் பார்த்தார்.

"இது இங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியும்."

தலையாட்டினாள்.

"நாலு சுத்து வாசிச்சவ. மொத நாளே இந்தப் பக்கத்தை எடுத்துக் குடுத்திருக்கலாம்ல? என்னை ஏழு நாள் நடக்க விட்டியே!"

அவள் சிலேட்டை எடுத்தாள். எழுதினாள். அவர் பக்கம் திருப்பினாள்.

'குடுத்திருந்தா பெட்டியில இன்னொரு அட்டை ஆயிருக்கும் சார்.'

அவர் அதை வாசித்தார். அவள் சிலேட்டை அழித்தாள். பைபிளில் அடுத்த வசனத்தின் மேல் விரல் வைத்தாள். அதிகாரம் இன்னும் முடியவில்லை.

சார் மூக்கைச் சிந்திவிட்டு வாசித்தார். இந்த முறை வேகம் இல்லை. ஒவ்வொரு பேரையும் ஆள் நேரில் நிற்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். முடித்ததும் பைபிளைக் கீழே வைக்கவில்லை.

"இன்னைக்கு இதை வீட்டுக்குக் கொண்டு போறேன்."

தபித்தா சரியென்றாள்.

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்திருவேன். பேபிகிட்ட குடுத்திராத."

வீட்டுக்குப் போனார். கேட்டைத் திறந்தவர் திரும்பப் பூட்டவில்லை. சந்தோஷம் படுத்திருந்த அறைக்குள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். வழியெல்லாம் ஏழாம் அதிகாரத்தில் விரலை விட்டுத்தான் பைபிளைப் பிடித்து வந்திருந்தார். எப்பிராயீமைப் பற்றி வாசித்துவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

சந்தோஷத்தின் முதுகு தெரிந்தது.

வாயை மூடினார். விரலை எடுத்தார். ஆறு அதிகாரம் பின்னால் புரட்டினார். முதல் நாள் அவர் கொட்டகைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே பேபி வாசித்துக் கடந்திருந்த அந்த முதல் வசனத்துக்குப் போனார்.

"வாசிக்கப் போறேன் சந்தோஷம். கேக்கணும்னா கேளு. ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம்."

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தொடங்கினார்.

"ஆதாம், சேத், ஏனோஸ்..."

"நில்லுங்க."

மூன்று மாதத்துக்குப் பிறகு கேட்கும் குரல். கரகரவென்று இருந்தது. சார் நிமிர்ந்து பார்த்தார். சந்தோஷம் சுவர்ப் பக்கமிருந்து மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"மறுபடி வாசிங்க."

"ஆதாம், சேத்..."

"ஆபேல் எங்க?"

ஆபேல், ஆதாமும் ஏவாளும் சேத்துக்கு முன்னால் பெற்றுச் சாகக்கொடுத்த மகன். சார் பக்கத்தைப் பார்த்தார். ஆதாம். அடுத்த பேர் சேத். நடுவில் ஒன்றும் இல்லை.

"இல்ல சந்தோஷம். இங்க போடல."

"ஏவாள் எழுதியிருந்தா விட்டிருப்பாளா?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். மூன்று மாதமாக வராத அழுகை வந்தது. அழுகைக்கு நடுவே மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவரும் கூப்பிட்டார்.

பொழுது சாயும்வரை செல்வினைப் பற்றியே பேசினார்கள். அன்றைக்கு முதல் வசனத்தைத் தாண்டவில்லை.